பெயர் வெட்டிய தூக்கு

எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. அதன் வயிற்றில் ஒரு பெண்பிள்ளையின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கிறது. அது என் பெயர் இல்லை. எங்கள் சொந்தத்தில் யாருடைய பெயரும் இல்லை. எட்டு வயதில் ரத்தப் புற்றுநோயோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளின் பெயர். நான் பிழைத்தேன். அவள் பிழைக்கவில்லை. தூக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. நான் பிழைத்ததற்கு நன்றியாக வருடா வருடம் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் அம்மா அசனம் போடுவாள். அந்தத் தூக்கில்தான் பந்திக்கு ரசம் ஊற்றுவாள். பெயர் இருக்கும் பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஊற்றுவாள். சாப்பிடுகிறவர்கள் கண்ணில் படாமல் மறைக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் பந்தலை விட்டு ஓடிவிடலாம் போலிருக்கும்.

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். பழைய வேதக்காரக் குடும்பங்கள், கத்தோலிக்கர்கள். அசனம் என்றால் ஊருக்கே சோறு. சோற்றுக்கு முன்னால் செபம், செபத்துக்கு முன்னால் சாட்சி. ஆண்டவர் தனக்குச் செய்ததை மைக்கைப் பிடித்து ஊருக்குச் சொல்வதுதான் சாட்சி. அம்மாவின் சாட்சி எனக்கு மனப்பாடம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, விடவில்லை, ரத்தத்தில் புற்று என்றார்கள், நான் மாதாவின் காலைப் பிடித்தேன், விரதம் இருந்தேன், டாக்டர் கிழித்த கோட்டைத் தாண்டவில்லை, வெளிச்சாப்பாடு ஒரு பருக்கை கொடுத்ததில்லை, இதோ நிற்கிறாள் என் மகள். 'இதோ' என்று சொல்லும்போது நான் எழுந்து நிற்க வேண்டும். சின்னதில் வெள்ளைக் கவுனில் நின்றேன். பிறகு தாவணியில் நின்றேன். இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன், பட்டுச்சேலையில் நிற்கிறேன். ஊர் கை தட்டும். கண்காட்சியில் நிறுத்திய கன்றுக்குட்டி மாதிரி நான் நிற்பேன். அம்மா சொல்வதில் ஒரு வரி பொய் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அந்த வார்டைப் பற்றி இரக்கமாக எழுதிவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. அங்கே நாங்கள் சிரித்தோம், சண்டை போட்டோம். பக்கத்துக் கட்டில்காரி என்னைவிட ஒரு வயது மூத்தவள், கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரித்தோப்புக்காரி. வாய் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு பேருக்கும் முடி கொட்டிப்போயிருந்தது. அவள் என்னை "ஏய் மொட்டை" என்றுதான் கூப்பிடுவாள். "நீ மட்டும் என்ன சடை போட்டு பூ வச்சிருக்கியா?" என்பேன். "எனக்கு வளரும்டி. ஒனக்கு இப்படியே நின்னுபோயிரும், பாரு" என்பாள். எனக்குத்தான் வளர்ந்தது.

எங்கள் இருவருக்கும் ஒரே நோய், அதிலும் ஒரே வகை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரே ஊசிகள், ஒரே மாத்திரைகள். அந்த மாத்திரைகளில் ஒன்றுக்கு நாங்கள் 'பசி மாத்திரை' என்று பெயர் வைத்திருந்தோம். ஸ்டீராய்டு. அதை விழுங்கத் தொடங்கினால் முகம் பூரி மாதிரி உப்பும், தொட்டதற்கெல்லாம் கோபம் வரும், பசி வயிற்றைப் பிடித்துத் தின்னும். சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த சாப்பாடு எப்போது என்று கேட்போம். அவள் சோறு கேட்டு அழுவதில்லை. பரோட்டா கேட்டு அழுவாள். பஸ் ஸ்டாண்டில் சால்னா ஊற்றிப் பிய்த்துப்போட்ட பரோட்டா. அதுவும் சும்மா அழமாட்டாள், தொண்டை கட்டும்வரை அழுவாள். வெளிச்சாப்பாடு கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மருந்து நல்ல வெள்ளணுக்களையும் அடித்துப்போட்டிருக்கும், கண்ட இடத்துச் சாப்பாட்டில் கிருமி வந்தால் தாங்க முடியாது. அது சரியான கட்டளைதான். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அவளுடைய அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிட்டேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கறுத்து, தோல் உரிந்து இருக்கும். அந்தக் கையோடு மகளைத் தொடக் கூச்சப்பட்டுக்கொண்டு புறங்கையால்தான் கன்னத்தைத் தடவுவார். ஒருநாள் மகளின் அழுகை தாங்காமல் பெரியம்மா வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் இந்தத் தூக்கு. மேலே வெள்ளைச் சோறு, அடியில் சால்னாவில் ஊறிய பரோட்டா. அம்மா அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி இரண்டு வாய் தின்றுவிட்டு என்னைப் பார்த்தாள். "மொட்டைக்கும் குடும்மா, பாத்துக்கிட்டே இருக்கா, வயிறு வலிக்கும்" என்றாள். பெரியம்மா தயங்கினார். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். ஊட்டிவிட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

அம்மா திரும்பி வந்தபோது என் கவுனில் சால்னா வழிந்திருந்தது. என்னை ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாவைப் பார்த்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "ஒம்புள்ளைய நீ கொல்லுறதுன்னா கொல்லு. எம்புள்ளைய ஏன் கொல்ற?" பெரியம்மா தூக்கின் மூடியை அழுத்தி மூடினார். மூடிய பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. எங்கள் இருவருக்கும் எலும்பு மஜ்ஜையில் ஊசி குத்திப் பார்த்தார்கள். என்னுடையதில் கெட்ட செல்கள் மறைந்துபோயிருந்தன. அவளுடையதில் அப்படியே இருந்தன. மருந்தை மாற்றினார்கள், கூட்டினார்கள். அவள் மேலும் கறுத்து, மேலும் மெலிந்து, அந்த வாய் மட்டும் குறையாமல் இருந்தாள். சில மாதம் கழித்து நான் ஊசிக்காகத் திரும்ப அட்மிட் ஆனேன். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் தூக்கு மட்டும் கிடந்தது. கூட்டிப் பெருக்க வந்த ஆயா, "ஒங்களுதா?" என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மா பெயரைப் படித்தாள். பிறகு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏன் வாங்கினாய் என்று பெரியவளான பிறகு ஒருமுறை கேட்டேன். "நல்ல பாத்திரம், வீணாப் போகணுமா?" என்றாள். அந்தப் பதிலுக்காக அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

எங்கள் பாடப் புத்தகத்தில் மைட்டோகாண்ட்ரியா என்றால் செல்லின் ஆற்றல் நிலையம். பிள்ளைகள் மனப்பாடமாக எழுதுவார்கள், நான் மதிப்பெண் போடுவேன். அந்த ஒற்றை வரி என்னை எரிச்சல்படுத்தும். அது பொய் இல்லை, பாதி உண்மை. மீதிப் பாதியை எனக்குச் சொன்னவர் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். கல்லூரியில் படிக்கும்போது வருடாந்தரப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். இத்தனை காலம் கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். ஒரே நோய், ஒரே மருந்து, நான் ஏன் இருக்கிறேன், அவள் ஏன் இல்லை? பரோட்டாவினாலா? டாக்டருக்கு அவளை ஞாபகம் இருந்தது. "அவளைக் கிருமி கொல்லலம்மா. சாக வேண்டிய செல்லுக சாகல, அதான்" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும், எப்படி வாழ்வது என்பதோடு எப்படிச் சாவது என்பதும் எழுதியிருக்கிறது. பழுதாகிப்போன செல், சரிசெய்ய முடியாத செல், தானே தன்னை முடித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையை முடுக்கிவிடும் இடங்களில் முக்கியமானது மைட்டோகாண்ட்ரியா. அதற்குள் ஒரு புரதம் இருக்கிறது, சைட்டோகுரோம் சி என்று பெயர். உள்ளே இருக்கும்வரை அது ஆற்றலை உண்டாக்கும் வேலைக்கு உதவும். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை விழுந்து அது வெளியே கசிந்துவிட்டால், அதே புரதம் சாவுச் செய்தி ஆகிவிடும். உடனே வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்ளும். செல்லின் உள்கட்டுமானத்தைத் துண்டு துண்டாக நறுக்கும். செல் சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடையும். பக்கத்துச் செல்கள் அந்தப் பொட்டலங்களைத் தின்று தீர்த்துவிடும். சீழ் இல்லை, வீக்கம் இல்லை, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாத சாவு.

அந்த ஓட்டை விழுமா விழாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சவ்வில் ஓட்டை போடுகிற புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் கையைப் பிடித்துத் தடுத்துக்கொண்டிருக்கிற காவல்காரப் புரதங்களும் இருக்கின்றன. ஆரோக்கியமான செல்லில் இரண்டும் ஒரு கணக்கில் நிற்கும். புற்றுச் செல்லில் பல நேரம் காவல்காரர்கள் பெருத்துப்போவார்கள், அல்லது ஓட்டை போடுகிறவர்கள் அடங்கிப்போவார்கள். கெட்டுப்போன செல் சாகாமல் பெருகும். எங்களைப் பசியால் பைத்தியமாக்கிய அந்த ஸ்டீராய்டு மாத்திரை செய்கிற வேலை, அந்தத் தராசை மறுபக்கம் சாய்ப்பதுதான். ஓட்டை போடுகிறவர்களுக்கு அது ஆள் சேர்க்கும். மற்ற ஊசிகளும் வேறு வேறு வழியில் வந்து அங்கேயேதான் முட்டும். என் கெட்ட செல்களில் காவல் உடைந்தது. அவளுடையதில் உடையவில்லை. "ஒரே பூட்டு மாதிரி வெளிய தெரியும். உள்ள வேற வேற" என்றார் டாக்டர். அந்தக் காவலையே குறிவைத்து உடைக்கிற மருந்துகள் இப்போது வந்திருக்கின்றன, எல்லாப் பிள்ளைக்கும் அல்ல, சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். அன்றைக்கு அது இல்லை.

நான் அந்தத் தாளை மடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. நான் பிழைத்ததில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, அம்மாவின் விரதத்துக்கும் பங்கில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சவ்வில் ஓட்டை விழுந்தது, அவ்வளவுதான். அதற்கு ஊர் கை தட்டுகிறது. அதே பரோட்டாவை ஊட்டிய ஒரு தாய், தான் மகளைக் கொன்றுவிட்டதாக எங்கேயோ நினைத்துக்கொண்டிருப்பார். போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கந்தர்வக்கோட்டை என்ன கடல் கடந்தா இருக்கிறது? புதுக்கோட்டையில் பஸ் மாறினால் போதும். ஆனால் உயிரோடு இருக்கிற என் முகத்தை அவருக்குக் காட்ட எனக்குக் கூசியது. கூச்சம் என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன். சரியான பெயர் கோழைத்தனம்.

போன வருடம் அம்மாவே அதைச் செய்துவிட்டாள், தன் பாணியில். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பெரியம்மாவை எதேச்சையாகப் பார்த்திருக்கிறாள். பழசையெல்லாம் மறந்தவள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மக டீச்சரா இருக்கா, வந்து பாருங்க. அசனம் போடுறோம், சாட்சி கேளுங்க, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்று கூப்பிட்டிருக்கிறாள். இதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள். அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்துவிட்டார். ஒரு மஞ்சள் பையில் முந்திரிப்பருப்பு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நல்லா வளந்துட்ட ஆத்தா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தார். இடுப்புவரை தொங்கிய சடையைப் பார்த்தார்.

அம்மா மைக்கைப் பிடித்தாள். எல்லாம் சொன்னாள். "வெளிச்சாப்பாடு ஒரு பருக்கை கொடுத்ததில்லை" என்றும் சொன்னாள், பெரியம்மா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள். 'இதோ' என்றாள். நான் எழுந்து நின்றேன். நிற்காமல் இருந்திருக்கலாம். நின்றேன். ஊர் கை தட்டியது. பெரியம்மாவும் தட்டினார், அந்தக் கறுத்த கையால்.

பிறகு பந்தி. அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே வந்தாள். பெரியம்மாவின் இலைக்கு முன்னால் குனிந்தாள். தூக்கின் வளைந்த பிடியில் ஒரு பக்கம் நசுங்கல் உண்டு. பெரியம்மா அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். கை சோற்றிலேயே நின்றுவிட்டது. தூக்கையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா ஊற்றிய ரசம் இலைக்கு வெளியே கொட்டியது. "போதும்" என்றார் பெரியம்மா. அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டு முடித்து, இலையை மூடி, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை தூக்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கந்தர்வக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஊரில் இறங்கி விசாரித்துத் தோப்புக்குள் நடந்தேன். சுட்ட முந்திரிக்கொட்டையின் காரமான புகை மூக்கில் ஏறியது. பெரியம்மா ஓட்டு வீட்டின் பக்கவாட்டில் உட்கார்ந்து, சாம்பலில் விரலைத் தோய்த்துத் தோய்த்துக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை. "இங்கிட்டு நெழல்ல ஒக்காரு ஆத்தா" என்றார். நான் தூக்கை எடுத்து முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"வெறுந்தூக்காவா கொண்டாந்திருக்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு அச்சு வெல்லமாவது போட்டுக் கொடுப்பார்கள். இத்தனை வருடம் வைத்து ஆண்டுவிட்டு வெறும் பாத்திரத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். "மறந்துட்டேன் பெரியம்மா" என்றேன். "படிச்ச புள்ள, மறக்கத்தான் செய்யும்" என்று சொல்லி அடுத்த கொட்டையை எடுத்தார்.

நாலு கொட்டை உடைத்த பிறகு அவராகவே ஆரம்பித்தார். மகளின் பதினாறாம் நாளன்றே வீட்டில் எல்லாரும் கேட்டுவிட்டார்களாம், டாக்டர் வேண்டாமென்று சொன்னதை ஏன் கொடுத்தாய் என்று. அன்றைக்கு வார்டில் இருந்த யாரோ ஊருக்குள் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பரோட்டாக் கடை இருக்கிற பக்கமாக நடப்பதில்லை என்றார். "ஒங்கம்மா அன்னைக்குச் சொன்னது ஒண்ணும் தப்பில்ல. நான் குடுத்த கையாலதான அவ போனா?" கேள்வி மாதிரி இருந்தது. அவருக்கு அது கேள்வி இல்லை.

"அதே கையால எனக்கும் குடுத்தீங்க" என்றேன். "நான் செத்தேனா?"

என் குரல் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை அந்தக் கோபம். பிறகு டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். வகுப்பில் சொல்வது மாதிரி தொடங்கி, பாதியில் எனக்கே அலுத்துப்போனது. அவருடைய கையைப் பார்த்தேன். "இந்தக் கொட்டைத் தோட்டுக்குள்ள எண்ணெ இருக்குல்ல பெரியம்மா? தோட்டுக்குள்ள இருக்குறவரைக்கும் யாரையும் ஒண்ணும் பண்ணாது. தோடு ஒடஞ்சு வெளிய வந்தா?" "கையப் பொசுக்கிப்புடும்" என்றார். "அதே மாதிரிதான். கெட்ட செல்லுக்குள்ள ஒண்ணு இருக்கு. அதோட தோடு ஒடஞ்சாத்தான் அந்தச் செல்லு சாகும். மருந்து ஒடைக்கத்தான் பாக்கும். எனக்கு ஒடஞ்சிருச்சு. அவளுக்கு ஒடையல. பரோட்டாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அவளுக்குக் காய்ச்சல் வந்து சாகல. டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு."

பெரியம்மா உடைப்பதை நிறுத்திவிட்டார். பிறகு நான் எதிர்பார்க்காததைக் கேட்டார். "அந்த ஒடையாத சாமான் அவளுக்கு யாருகிட்டருந்து வந்துச்சு? அவுகப்பன் வழியா, என் வழியா?"

இதை நான் வருடா வருடம் வகுப்பில் நடத்துகிறேன். நான் தோடு என்று சொன்ன மைட்டோகாண்ட்ரியா அப்பாவிடமிருந்து வருவதில்லை. அம்மாவிடமிருந்து மட்டும்தான். ஒரு மதிப்பெண் கேள்வி. அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். பொய் சாட்சிக்கு எழுந்து நின்று நின்று கால் மரத்துப்போனவள் நான், இன்னொன்று சொல்ல முடியவில்லை. "உங்ககிட்டருந்துதான் பெரியம்மா" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகச் சொன்னேன். "ஆனா கெட்டுப்போனது அது இல்ல. நீங்க குடுத்தது அவ ஒடம்பு முழுக்க இருந்துச்சு, கண்ணுல, கையில, அந்த வாயில. எல்லா இடத்துலயும் ஒழுங்காத்தான் வேல செஞ்சுச்சு. அந்தக் கெட்ட செல்லுல மட்டும் அத ஒடையவிடாம வேற புரதம் வந்து பிடிச்சுக்கிருச்சு. அது நீங்க குடுத்ததுல்ல. அவுகப்பா குடுத்ததும் இல்ல. அந்தச் செல்லு கெட்டப்போ தானா பண்ணிக்கிட்டது."

பெரியம்மா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது மாதிரி உதட்டை அசைத்தார். "அப்ப என்னோடது பாட்டுக்கு ஒடையத் தயாராத்தான் இருந்துருக்கு" என்றார். "பிடிச்சு வச்சவன் வேற எவனோ."

"ஆமா."

"ம்" என்றார். அழவில்லை. சாம்பல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், உடைத்த பருப்பை அள்ளி வந்து தூக்கு நிறையப் போட்டார். மூடியை அழுத்தி மூடி என் மடியில் வைத்தார். எனக்குப் புரியவில்லை. "இத உங்ககிட்டக் குடுக்கத்தான் வந்தேன்" என்றேன். "எனக்கு எதுக்கு? இங்க வச்சுக்கிட்டு தெனம் இது மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா? கொண்டுபோ. ஒங்கம்மா ரசம் ஊத்துறப்ப எம்மக பேரு அவ கண்ணுல படட்டும். படணும்" என்றார். நான் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "சாட்சி சொல்றீகள்ல, அடுத்த வருசம் அந்தப் பரோட்டாவையும் சேத்துச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து தூக்கை அம்மாவின் முன்னால் வைத்து, எங்கே போனேன் என்று சொன்னேன். பரோட்டாவை நானும் தின்றதை ஏன் ஒரு வருடம்கூடச் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் மறுக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சொல்லிட்டா, அப்பறம் நீ எதுக்குதான்டி பொழச்ச?" என்றாள். "நான் ஒழுங்கா இருந்தேன், அதுனால நீ பொழச்சன்னு இல்லேன்னா, நாளைக்கு அந்த நோய் மறுபடி வந்தா நான் என்னத்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்? எனக்கு ஒரு காரணம் வேணும்ல." அவள் பிடித்துக்கொண்ட காரணத்தின் மறுமுனை பெரியம்மாவின் கழுத்தில் கிடந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் விரல்கள் கீரைத் தண்டையே திரும்பத் திரும்பக் கிள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

இந்த வருடம் அசனத்தில், 'இதோ' என்று அம்மா சொன்னதும் எழுந்து மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன். "பசி மாத்திரை சாப்பிட்ட நேரத்தில் நானும் பரோட்டா தின்றேன்" என்றேன். பந்தலே சிரித்தது. டீச்சர் தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். "பக்கத்துக் கட்டில் பிள்ளையும் தின்றாள். அவள் இறந்தது அதனால் இல்லை, நான் பிழைத்ததும் எங்கள் ஒழுக்கத்தால் இல்லை" என்றேன். சிரிப்பு நின்றது. கை தட்டவும் யாருக்கும் தோன்றவில்லை. இறங்கி வந்தேன். மூன்றாம் வரிசையில் பெரியம்மா இல்லை. இவ்வளவு வருடம் தாமதித்து ஒருவழியாகச் சொன்னேன், கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

பந்தி போடும்போது வந்து சேர்ந்தார். "பஸ்சு லேட்டு ஆத்தா" என்றார். "சொன்னியா?" "சொன்னேன்." "என்ன செஞ்சாக?" "சிரிச்சாங்க." "சிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அம்மா தூக்கோடு வரிசையின் தொடக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தோள்பட்டை வலி, இந்த வருடம் தூக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். சூடு பிடியில் ஏறியிருந்தது. நான் வாங்கிப் பெயர் வெளிப்பக்கம் தெரியும்படி திருப்பினேன். பந்தி முழுக்கப் படிக்கட்டும் என்று திருப்பினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி உள்பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

"பேரு ஒம்பக்கம் இருக்கணும்" என்றாள். "இத்தன வருசமும் எம்பக்கம் வச்சுத்தான் ஊத்துனேன். படிச்சுக்கிட்டேதான் ஊத்துனேன்."

நான் அவளைப் பார்த்தேன்.

"ஊத்துடி. ரசம் ஆறுது" என்றாள்.

குனிந்து ஊற்ற ஆரம்பித்தேன். ஒவ்வொரு இலைக்குக் குனியும்போதும் அந்தப் புள்ளிகள் கண்ணுக்கு நேராக வந்தன.